தேவனோடு நெருங்கி வாழ: வீட்டுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியிலும் சுற்றுக் கிராமங்களிலும் வார நாட்களில் வீடுகளில் கூடி ஜெபிக்கிறோம். கூட்டம் முடிந்து காபி வரும்போதுதான் உண்மையான கேள்விகள் வெளியே வரும். சிலருக்கு மற்றவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் வாயே திறக்கும். பர்கூரில் கேட்ட அதே சந்தேகத்தைக் காவேரிப்பட்டணத்திலும் கேட்கிறார்கள். தருமபுரியிலிருந்து போனிலும் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். கேட்டவர்களின் அடையாளத்தை விட்டுவிட்டு, கேட்ட விதத்தை மட்டும் வைத்திருக்கிறேன். நான் போதகர் அல்ல. லுத்தரன் சபையில் வளர்ந்து, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவள்.

ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறேன், காணிக்கை போடுகிறேன். அதற்கு மேல் 'உறவு' என்று என்ன இருக்கிறது?

போவதை நிறுத்தாதீர்கள். ஆனால் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் வரும் அன்னாளைப் பாருங்கள். வருஷந்தோறும் கணவனோடு சீலோவுக்குப் போனாள், பலி செலுத்தினார்கள், தன் பங்கை வாங்கிக்கொண்டு திரும்பினாள். பிள்ளையில்லாத துக்கம் உள்ளே அப்படியே இருந்தது. ஒரு வருஷம் எழுந்துபோய் அழுது, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டான்.

அதே ஆலயம், அதே பண்டிகை. அந்த வருஷம் அவள் உண்மையைப் பேசினாள். யாரிடமும் சொல்ல முடியாததை அவரிடம் சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் உறவு தொடங்குகிறது என்று நம்புகிறேன். கீழே வரும் பதில்கள் பலவற்றிலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

வேதத்தை எங்கே தொடங்குவது? ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன். எனக்கு வேகமாகப் படிக்கவும் வராது.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நான்கில் அதுதான் சிறியது, 16 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். லேவியராகமம் பிறகு வரட்டும், விளக்கிச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது.

படிக்க வராவிட்டால் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது போனில் ஒலி வேதாகமத்தைக் கேளுங்கள். தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்ததே 1715-ல்தான். அதற்குப் பிறகும் வெகு காலம் பெரும்பாலானோர் காதால் கேட்டே விசுவாசித்தார்கள். வேகம் முக்கியமே இல்லை. எங்கே மனம் தைக்கிறதோ அங்கே நின்றுவிடுங்கள். மாற்கு நான்காம் அதிகாரத்தில் புயலடிக்கிறது, இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார், சீஷர்கள் அவரை எழுப்பி 'நாங்கள் சாகிறது உமக்குக் கவலையில்லையா' என்று கேட்கிறார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன மகனிடமிருந்து நாள்கணக்கில் போன் வராத ஓர் அக்கா அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தச் சொன்னார். அன்றைக்கு எங்கள் கூட்டத்தின் ஜெபம் முழுவதும் அந்த ஒரு கேள்விதான்.

கண்ணை மூடினால் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியது தீர்ந்துவிடுகிறது. பிறகு மனம் தக்காளி விலைக்குப் போய்விடுகிறது.

மார்ட்டின் லுத்தருக்கு முடி திருத்திய பேதுரு என்பவரும் ஏறக்குறைய இதையே கேட்டார். அவருக்காக லுத்தர் 1535-ல் ஒரு சிறு புத்தகமே எழுதினார். சவரம் செய்பவர் கத்தியிலும் முடியிலும் கண் வைக்காமல் ஊர்க்கதை பேசினால் வாடிக்கையாளரின் மூக்கை வெட்டிவிடுவார். ஜெபத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்கிறார். வழியும் சொல்கிறார்: கர்த்தருடைய ஜெபத்தை, அதாவது பரமண்டல ஜெபத்தை, ஒவ்வொரு விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு, அதில் உங்கள் காரியத்தைச் சேர்த்துப் பேசுங்கள். நடுவில் ஒரு நல்ல எண்ணம் எழுந்தால் மீதியை விட்டுவிட்டு அதோடு நில்லுங்கள். எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தக்காளி விலையை விரட்டவும் வேண்டாம். லுத்தரன் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் பாடநூலில், கர்த்தருடைய ஜெபத்தில் வரும் அன்றன்றுள்ள ஆகாரம் என்றால் என்ன என்பதற்கு ஒரு பதில் உண்டு: சோறு, துணி, வீடு, வயல், ஆடுமாடு, பணம், நல்ல அரசு, நல்ல வானிலை, நல்ல அயலார் எல்லாமே அதற்குள் அடக்கம். பாலக்கோடு மார்க்கெட்டில் பறிப்புக் கூலிகூடத் தேறாத நாளில், அந்த விலையையே ஜெபமாகச் சொல்லுங்கள். மனம் அலைந்து போன இடத்துக்கு அவரையும் கூட்டிப் போய்விடலாம்.

ஓசூரில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. விடியற்காலை ஜெபம் இல்லாவிட்டால் ஆசீர்வாதம் இல்லை என்கிறார்கள். நான் என்ன செய்வது?

இயேசு அதிகாலையில் எழுந்து ஜெபித்தார், உண்மை. இராமுழுவதும் மலையில் ஜெபித்தார் என்றும் லூக்கா எழுதுகிறார். தானியேல் நாளுக்கு மூன்று வேளை. பவுலும் சீலாவும் சிறையில் நடுராத்திரியில். எந்த மணி நேரத்துக்கும் தனிப் புனிதம் இல்லை.

மேலே சொன்ன ஞானோபதேசத்தில் காலை ஜெபம், மாலை ஜெபம் இரண்டும் இருக்கின்றன. காலை ஜெபம் முடிந்ததும் 'சந்தோஷமாக வேலைக்குப் போ' என்றும், மாலை ஜெபம் முடிந்ததும் 'உடனே நிம்மதியாகத் தூங்கு' என்றும் சொல்லி முடிகிறது. இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் உங்களுக்கு அதுதான் மாலை. சுருக்கமாக ஜெபித்துவிட்டுக் குற்றவுணர்வில்லாமல் தூங்குங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டான், அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். கம்பெனி பஸ்ஸில் வரும் நேரம் ஒரு சங்கீதத்துக்குப் போதும்.

மாங்காய் சீசனில் தோப்பு, மண்டி, கூழ் ஆலை என்று ஓடி, இரண்டு மாதம் வேதத்தைத் தொடுவதே இல்லை. பிறகு திரும்பி வர வெட்கமாக இருக்கிறது.

இடைவெளியைவிட வெட்கம்தான் அதிகம் தடுக்கிறது. லூக்கா 15-ல் இளைய மகன் வழியிலேயே பேச்சைத் தயாரித்துக்கொண்டு வருகிறான்: பாவம் செய்தேன், மகன் என்று அழைக்கப்படத் தகுதியில்லை, கூலிக்காரர்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வீட்டு வாசலில் முதல் இரண்டையும் சொல்கிறான். மூன்றாவதைச் சொல்வதற்குள் தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.

அதனால் விட்டுப்போன அதிகாரங்களைச் சேர்த்துப் படித்துக் கணக்கைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அது கூலிக்காரனின் பேச்சு. இன்றைய பகுதியைத் திறங்கள். அடுத்த சீசனில், மாங்காயைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் நிற்கும்போதே பரமண்டல ஜெபத்தை ஒருமுறை சொல்லுங்கள். அந்த மாதங்களுக்கு அது போதும்.

கூட்டத்தில் எல்லாரும் அழுகிறார்கள், ஆவியில் நிறைந்து அந்நிய பாஷை பேசுகிறார்கள். எனக்கு ஒன்றும் நடப்பதில்லை. என்னிடம் ஆவியானவர் இல்லையா?

எல்லாரும் அந்நிய பாஷை பேசுகிறார்களா என்று பவுலே 1 கொரிந்தியர் 12-ல் கேட்கிறார். இல்லை என்பதுதான் அங்கே பதில். ஆவியின் கனி என்று கலாத்தியர் 5-ல் அவர் சொல்லும் பட்டியலில் அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு எல்லாம் வருகின்றன. கண்ணீர் அதில் வருவதில்லை. கண்ணீர் வருகிறவர்களைக் குறை சொல்லவும் இல்லை.

வறட்சி வருஷக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் வெளியானபோது, கொல்கத்தாவில் பல பத்தாண்டுகள் தேவனின் நெருக்கத்தை உணராமலேயே அவர் ஊழியம் செய்தார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அந்த வருஷங்களிலும் அவர் ஜெபத்தை விடவில்லை. 'ஒன்றும் தோன்றவில்லை, ஆண்டவரே' என்பதையே சொல்லி உட்காருங்கள். அன்னாளைப் போல, உள்ளதைச் சொன்னால் போதும்.

அம்மாவுக்காக உபவாசமிருந்து ஜெபித்தோம். இறந்துவிட்டார்கள். 'உங்களுக்கு விசுவாசம் போதவில்லை' என்றார்கள். இனி எப்படி ஜெபிப்பேன்?

அப்படிச் சொன்னவர்கள் தவறாகச் சொன்னார்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று முறை வேண்டினார்; நீங்கவில்லை, 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற பதில்தான் வந்தது. இயேசுவே கெத்செமனேயில் துன்பப் பாத்திரம் நீங்கட்டும் என்று வேண்டினார், நீங்கவில்லை. அவருக்கா விசுவாசம் போதவில்லை?

யோவான் 11-ஐ மெதுவாக வாசியுங்கள். லாசரு இறந்த பிறகு இயேசு தாமதமாக வருகிறார். மார்த்தாள் ஊருக்கு வெளியே வந்து 'நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான்' என்கிறாள். பிறகு மரியாளும் வந்து அதே வார்த்தையைச் சொல்கிறாள். அக்காவும் தங்கையும் அந்த நாலு நாளும் வீட்டில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். அவர் ஒருத்தியையும் கடிந்துகொள்ளவில்லை. சில நிமிடங்களில் எழுப்பப் போகிறவர், அதற்கு முன், கல்லறைக்குப் போகும் வழியிலேயே அழுதார். உங்கள் அம்மாவின் விஷயத்தில் நீங்கள் அவரிடம் சொல்ல நினைப்பதும் மார்த்தாள் சொன்ன வாக்கியம்தான் என்றால், அதையே சொல்லுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு. யோபு புலம்பினான், வழக்காடினான். அவன் நண்பர்கள் தேவனுக்காக வாதாடினார்கள். முடிவில், என்னைப் பற்றி நிதானமாய்ப் பேசியவன் யோபுதான் என்று தேவன் அந்த நண்பர்களிடம் சொன்னார்.

உடனே ஜெபிக்க முடியாவிட்டால் 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அது இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். கூடவே ஒன்று: ஜெபிக்கிறோம், மாத்திரையை நிறுத்துங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனத்துக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவர் பவுல்.

'கர்த்தர் என்னோடு பேசினார்' என்கிறார்களே. அது அவருடைய சத்தமா, என் மனமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உடனே தெரியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தாவீது ஆலயம் கட்ட விரும்பியபோது நாத்தான் தீர்க்கதரிசி 'செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார்' என்றான். அன்று ராத்திரியே கர்த்தர் அதை மாற்றிச் சொன்னார். மெய்யான தீர்க்கதரிசியே தன் மனதை அவருடைய வார்த்தையாகச் சொல்லிவிட்ட சம்பவம் இது. நாத்தான் மறுநாள் போய்த் திருத்திச் சொன்னான். அவன் மேல் எனக்கு மரியாதை கூடியது அதனால்தான்.

வேதத்துக்கும் அன்புக்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், முதிர்ந்த ஒருவரிடம் கேளுங்கள், காத்திருங்கள். அவசரப்படுத்தும் சத்தத்தைச் சந்தேகியுங்கள். நிலத்தை விற்கச் சொல்லியோ, இன்னாரைக் கட்டிக்கொள்ளச் சொல்லியோ கர்த்தர் தனக்குக் காட்டினார் என்று ஒருவர் வந்தால், 'உங்களுக்குக் காட்டியவர் எனக்கும் காட்டட்டும், ஐயா' என்று பணிவாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கொடுக்காததால்தான் ஆயிரம் அடி போட்டும் போர்வெல்லில் தண்ணீர் வரவில்லை என்கிறார்களே?

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களும் கடினப் பாறைமேல் இருக்கின்றன. பாறை வெடிப்பில்தான் தண்ணீர் நிற்கும். வெடிப்பு கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் மண்புகைதான். தசமபாகம் கொடுப்பவர் தோட்டத்திலும் புகை வருகிறது, கொடுக்காதவர் தோட்டத்திலும் தண்ணீர் வருகிறது. நீதியுள்ளவர் மேலும் அநீதியுள்ளவர் மேலும் மழை பெய்யச் செய்கிறார் என்று இயேசு சொன்னாரே.

கொடுங்கள், பயத்தில் கொடுக்காதீர்கள். உற்சாகமாய்க் கொடுக்கிறவரிடத்தில்தான் தேவன் பிரியமாயிருக்கிறார். போர்வெல் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதை அடையுங்கள். அதற்காக ஒருவரும் உங்களைச் சபையில் தலைகுனிய வைக்கக் கூடாது.

சர்க்கரை நோய் இருக்கிறது. உபவாசம் இருக்கலாமா?

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். டிவியையோ போனையோ ஒரு நாள் விடுங்கள். ஏசாயா 58-ல் தேவன் கேட்கும் உபவாசம், பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வது. அதற்குச் சர்க்கரை தடையில்லை.

என் தங்கையைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். செபமாலை சொல்கிறாள். அவளோடு சேர்ந்து ஜெபிக்கலாமா?

தாராளமாக. கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. 1997-ல் தருமபுரி தனி மறைமாவட்டமே ஆகிவிட்டது. செபமாலையில் வரும் பரமண்டல ஜெபம் உங்களுடையதும்தான், அதைச் சேர்ந்து சொல்லுங்கள். ஒத்துவராத இடத்தில் அமைதியாக உட்காருங்கள். தங்கையிடம் வாதாடி ஜெயித்து என்ன கிடைக்கப்போகிறது?

கணவர் வீட்டில் நான் மட்டும்தான் விசுவாசி. மாரியம்மன் பண்டிகைக்கு நானும் நிற்க வேண்டியிருக்கிறது. கர்த்தர் என்னை விட்டு விலகிவிடுவாரா?

விலகமாட்டார். சீரியாவின் படைத்தலைவன் நாகமானும் எலிசாவிடம் இதையேதான் கேட்டான்: இனி கர்த்தரைத் தவிர வேறு யாருக்கும் பலியிடமாட்டேன், ஆனால் என் ராஜா ரிம்மோன் கோவிலில் என் கைமேல் சாய்ந்து பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதை மன்னிப்பாரா? எலிசா விரிவுரை நடத்தவில்லை. 'சமாதானத்தோடே போ' என்றான்.

இதை வைத்து எதையும் செய்யலாம் என்று சொல்ல வரவில்லை. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பற்றிப் பவுல் 1 கொரிந்தியரில் அதிகாரக்கணக்கில் யோசிக்கிறார், ஏனென்றால் அது எளிதான விஷயமில்லை. உங்களுக்கு எங்கே மனசாட்சி குத்துகிறதோ அங்கே நின்றுவிடுங்கள், மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். ஆனால் பண்டிகை வேலைக்கு முதல் ஆளாக நில்லுங்கள்: களி கிண்டுவது, பாத்திரம் கழுவுவது, வந்தவர்களுக்குப் பரிமாறுவது. பூஜையில் நிற்காத மருமகள் வேலையிலும் நிற்காவிட்டால், அவர்கள் உங்கள் தேவனைப் பற்றி என்ன நினைப்பார்கள்? தனி அறை இல்லையென்றால் அடுப்படியே ஜெப அறை.

அண்ணன் சொத்தில் பங்கு தர மறுக்கிறார். ஜெபிக்க உட்கார்ந்தால் அவர் முகம்தான் வருகிறது. மன்னித்துவிட்டால் பங்கைக் கேட்கக் கூடாதா?

கேட்கலாம். எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேக்கு முன் நின்று தகப்பன் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் சொல்வது சரி என்று கர்த்தரே சொன்னார். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படியும், உயிலில்லாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவது பவுலுக்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. ஆகவே முதலில் சபை மூப்பர்களை வைத்துப் பேசுங்கள். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் சட்டத்தின் வழி இருக்கிறது. அந்த வழியில் போவதால் மன்னிக்காதவள் ஆகிவிடமாட்டீர்கள்.

முகம் வருவது நல்லது. அவருடைய பெயரைச் சொல்லியே ஜெபியுங்கள். முதலில் கோபம்தான் வரும்; அதைச் சொல்லி முடியுங்கள். பிறகு அவர் பிள்ளைகளின் படிப்புக்காகவும் அண்ணியின் உடம்புக்காகவும் வேண்ட முடிகிறதா என்று பாருங்கள். இது மாதக்கணக்கில் இழுக்கும். ஆனால் அவர் சாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தேவனை நெருங்க முடியாது. சகோதரனைப் பகைத்துக்கொண்டு தேவனை நேசிக்கிறேன் என்பவன் பொய்யன் என்று சொல்லி, 1 யோவான் 4-ஆம் அதிகாரம் அந்த வாசலை அடைத்துவிடுகிறது.

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். 'பொறுத்துப்போ, ஜெபம் பண்ணு' என்கிறார்கள்.

ஜெபியுங்கள், ஆனால் அடி வாங்கிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டாம். சவுல் ராஜா ஈட்டி எறிந்தபோது தாவீது விலகி ஓடினான். அதை யாரும் விசுவாசக் குறைவு என்று சொல்வதில்லை. பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். 181 பெண்களுக்கான உதவி எண். முந்தைய பதிலில் சொன்ன மன்னிப்பைப் பற்றி, உயிருக்கு ஆபத்து நீங்கிய பிறகு நிதானமாக யோசிக்கலாம்.

எங்கள் சபையிலேயே சாதி பார்க்கிறார்கள். கல்லறைகூடத் தனித்தனி. அங்கே உட்கார்ந்து எப்படித் தேவனை நெருங்குவது?

எனக்கு மிகவும் வலிக்கும் கேள்வி இது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து, பந்தியை விட்டு விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை முகத்துக்கு நேராக எதிர்த்தார். கலாத்தியர் 2-ல் அவர் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்: சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி அவர்கள் நடக்கவில்லை. பந்தியில் யாரோடு உட்காருவது என்பது அவருக்குச் சுவிசேஷத்தின் விஷயமாகவே இருந்தது. எதிரே நின்றவர் அப்போஸ்தலன் என்றும் பார்க்கவில்லை.

அதனால் உங்கள் கோபத்தைப் பாவம் என்று நினைத்து அடக்காதீர்கள், அதையும் ஜெபத்தில் சொல்லுங்கள். பேச வலு இருந்தால் சபைக் கூட்டத்தில் கல்லறைச் சுவரைப் பற்றிக் கேளுங்கள். தனியாகக் கேட்க வேண்டாம், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள். மேல்சாதி என்று சொல்லிக்கொள்ளும் குடும்பத்தில் பிறந்தவர்கள் இதை வாசித்தால், அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான். ஒதுக்கப்பட்டவரே ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்பது நியாயமில்லை. வேறு சபைக்குப் போய்விடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். தன் பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லும் இடத்தைவிட்டு ஒரு தாய் எழுந்து போனால், நான் தடுக்கமாட்டேன்.